துரையின் மட்டையில் இரண்டரை அங்குலம்

மனுசனுக்கு அளவு எடுத்துப் பிழைக்கிற தொழிலில் நாடா ஒருநாளும் பொய் சொல்லாது, அளவு கொடுக்க வந்து நிற்கிறவர்தான் சொல்லுவார். தையற்காரர், மூக்குக்கண்ணாடி விற்கிறவர், பல்செட் கட்டுகிறவர் என்று இதை வாசிக்கிற நம் இனத்தார் எல்லாரும் இதைப் பட்டு அறிந்தவர்கள்தான். வயிற்றை எக்கிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு சட்டை பிடிக்கிறது என்று நம்மிடமே சண்டைக்கு வருகிற ஜாதி அது. உங்களுக்காவது சட்டை, கண்ணாடி என்று ஊருக்குத் தெரிந்த சாமான். நான் அளவு எடுத்தது கோல்ஃப் மட்டைக்கு. அதுவும் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கொழும்பில் படித்த படிப்பு

சுதந்திரம் வந்து நாலைந்து வருசம் ஆகியிருந்தது. கொழும்பில் வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற ஒரு மைதானத்தில் எனக்குப் பதினோரு வருசம் வேலை. ஆட்டக்காரரை நேரே நிற்க வைத்து, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைக்கு நாடா பிடிக்க வேண்டும். அதைக்கொண்டுதான் மட்டையின் நீளம். உள்ளங்கையைப் பார்த்துப் பிடியின் கனம். குட்டையானவர் நீள மட்டை பிடித்தாலும், நெட்டையானவர் குட்டை மட்டை பிடித்தாலும் பந்து போகிற திசை படைத்தவனுக்கே வெளிச்சம். அங்கே குடியுரிமைக் குழப்பம் வந்ததும் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கினேன். கையில் இந்தத் தொழில், கூட என் மனைவி சுபைதா, இரண்டு பெண்பிள்ளைகள்.

வாலிநோக்கம் பக்கத்து உப்புக் கம்பெனி ஒன்றில், முன்பு மேனேஜராக இருந்த துரை பொட்டல்வெளியில் ஒன்பது குழி வெட்டி ஒரு கோல்ஃப் மைதானம் போட்டு வைத்திருந்தார். புல் முளைக்காத பூமி. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் விட்டுப் பிசைந்த மணல். உப்பளத்து ஆட்கள் அதற்குக் குழிப்பந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். துரை சீமைக்குப் போய்விட்டார், மைதானமும் ஓர் அறை நிறைய மட்டைகளும் இங்கேயே தங்கிவிட்டன. மெட்ராசிலிருந்து வந்த புது மேனேஜர் திருவேங்கடம், துரை செய்ததையெல்லாம் தானும் செய்தாக வேண்டும் என்று இருந்தவர். மட்டைகளை ஆளுக்குத் தகுந்த மாதிரி வெட்டிக் கொடுக்க என்னைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். பெயர் எழுதிக்கொண்ட ஹெட் கிளார்க் சிவசாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடல் தாண்டிப் போயி கம்பு வெட்டப் படிச்சுட்டு வந்திருக்கீக பாய். இங்கன கருவேலங்காட்டுல அதைப் பள்ளிக்கூடம் போகாமலே வெட்டுதாக."

பிள்ளைக்கும் ஆகும்படி

முதலில் அளவு கொடுக்க வந்தவர் கம்பெனி அக்கவுண்டண்ட். கடலாடிக்காரர், நடுத்தர உயரம். நாடாவைப் பிடித்தேன். ஆள் குதிகாலை உயர்த்திக்கொண்டு நின்றார். "தரையில ஊன்றி நில்லுங்க" என்றேன். ஊன்றினார். நாடாவை மறுபடி எடுத்தேன். மறுபடி குதிகால் எழும்பிவிட்டது. மூன்றாம் தரம் நானே அவர் பாதத்தைப் பிடித்து அமுக்க வேண்டியதாயிற்று. நாற்பது வயது மனுசனின் காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தை, வாசலில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மூத்த பையன் மதுரையில் காலேஜில் படிக்கிறான், ஆறடி உயரம். பள்ளிக்கூடச் சட்டையை வளரும் பிள்ளை என்று தொளதொளவென்று தைக்கச் சொல்லுவோமே, அந்தக் கணக்கு. இவர் மட்டும் அதைத் தலைகீழாகப் போட்டிருந்தார். "உங்களுக்குச் சரியா இருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "எனக்கென்ன பாய், இன்னும் பத்து வருசம் எப்படியாவது சமாளிச்சிருவேன். அதுக்கப்புறம் அவன் ஆடணும்ல."

கை வைத்த நாற்காலி

நாலு பேருக்கு மட்டை தயாராக வேண்டும். மேனேஜர், அக்கவுண்டண்ட், ஸ்டோர் கீப்பர், டைம் கீப்பர் அந்தோணி. அக்கவுண்டண்ட் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எல்லாருக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ற அளவைத் தாளில் எழுதி ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் அதை வாசித்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். மேனேஜர் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்தோணி ஆறடிக்கு மேலே. என் தாளின்படி எல்லாரையும்விட நீளமான மட்டை, எல்லாரையும்விடக் கீழே இருக்கிற அந்தோணிக்கு. ஆபீசில் கை வைத்த நாற்காலி யாருக்கு, வெறும் நாற்காலி யாருக்கு, ஸ்டூல் யாருக்கு என்று முப்பது வருசமாகக் கவனித்துவருகிற மனுசனிடம் நான் இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

அவரே வேறு தாள் எடுத்து எழுதினார். மேனேஜருக்குத் துரை வைத்திருந்த அதே மட்டைகள், வெட்டாமல், முழு நீளம். மேனேஜரும் அதைத்தான் விரும்பினாராம். அக்கவுண்டண்டுக்கு அதில் ஓர் அங்குலம் குறைச்சல். ஸ்டோர் கீப்பருக்கு இரண்டு. அந்தோணிக்கு மூன்று. வெட்டினேன், வேறென்ன செய்ய? ஸ்டோர் கீப்பருக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. அந்தோணி மட்டையை வாங்கி, முதுகை வளைத்து, களை பறிக்கிற மாதிரி நின்று பார்த்தார். நல்ல மனுசன், நல்ல கை. சரியான மட்டை மட்டும் இருந்திருந்தால் தூத்துக்குடி வரைக்கும் அடித்திருப்பார். அவருக்கு நான் செய்தது அநியாயம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் நிமிராமலே சொன்னார்: "பரவாயில்ல பாய், ஆபீசுல குனியிறது பழக்கந்தான்."

கரி பூசின பலகை

எனக்கு இந்த வேலை நிரந்தரமாக வேண்டும். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தக் கரையில் உப்புக்குப் பஞ்சமில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான். நிரந்தர ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு. லைன் வீட்டு வாசலுக்குத் தினம் காலையில் மாட்டு வண்டியில் நல்ல தண்ணீர் வரும், வீட்டுக்கு இரண்டு குடம். தற்காலிக ஆட்கள் வேலிக்கு வெளியே ஓலைக் குடிசையில் கிடக்க வேண்டியதுதான். சுபைதா விடிந்ததும் ஒன்றரை மைல் மணலில் நடந்து, ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி ஒரு குடம் நிரப்பிக்கொண்டு வருவாள். வெயில் ஏறிவிட்டால் ஊற்றும் கரிக்கும். கொழும்பில் குழாயைத் திருப்பிப் பழகின கை அது. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹெட் கிளார்க் தெளிவாகச் சொல்லிவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்து உப்புக் கம்பெனியோடு அடுத்த மாதம் போட்டி. நம் மேனேஜர் ஜெயித்தால் அந்தச் சந்தோஷத்தில் என்னை நிரந்தரமாக்குகிற காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடலாம். தோற்றால் காகிதத்தை எடுக்கவே வேண்டாம். மேனேஜரோ ஆறடித் துரையின் மட்டையை வைத்துக்கொண்டு தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். மண் பறக்கும், உப்பு பறக்கும், பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். காற்று சரியில்லை என்பார், பந்து சரியில்லை என்பார். கடைசியில் ஒரு பலகையில் விளக்குக் கரியைப் பூசி, அதன்மேல் மட்டையை வைத்து அவரை நிற்கச் சொன்னேன். இரும்புத் தலை சமமாகப் படிந்தால் கரி அடி முழுக்க ஒட்ட வேண்டும். அவர் மட்டையில் குதிப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இரண்டரை அங்குலம் எடுத்தாப் போதும் சார்" என்று காட்டினேன். அவர் கரியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "துரை இதே மட்டையில நாலு வருஷம் ஆடினார். ஒரு நாள்கூட அவர் குறை சொன்னதா ரெக்கார்டு இல்லை."

தட்டில் சோறு

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மேனேஜர் ஒரு கல்யாணத்துக்காக மெட்ராசுக்குப் போனார், நாலு நாள் லீவு. மட்டை அறையின் சாவி என்னிடம். அறைக்குள் போய், துரையின் ஏழு மட்டைகளையும் வரிசையாகச் சாத்திவைத்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டினால் அவர் ஜெயிக்கலாம். ஆனால் வெட்டினது தெரிந்துபோகுமே. அக்கவுண்டண்டின் மட்டை பக்கத்தில் நின்றால், மேனேஜர் மட்டை ஒன்றரை அங்குலம் கீழே நிற்கும். அதைக் காண அவருக்குக் கண்ணாடிகூட வேண்டாம். வேலியைத் தாண்டி விரட்டிவிடுவார். வெட்டின இரும்புக் குழலை மறுபடி ஒட்டவும் முடியாது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சுபைதாவிடம் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். "ஏங்க, வீட்டுல ஒருத்தருக்குச் சோத்தைக் குறைக்கணும்னா எல்லார் தட்டுலயும் குறைச்சிரணும். அப்பத்தான் யாரும் கேக்க மாட்டாக" என்றாள். எனக்கு அப்படியே எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, சாப்பிட்டுவிட்டு ஓடினேன். துரை மட்டைகளில் இரண்டரை அங்குலம். அக்கவுண்டண்டுக்கும் இரண்டரை, ஸ்டோர் கீப்பருக்கும் இரண்டரை, பாவம் அந்தோணிக்கும் இரண்டரை. வெட்டினால் தலைக் கனம் குறைந்த மாதிரி கைக்குத் தெரியும். அதற்காக வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டை வாலிநோக்கத்தில் வாங்கி, தட்டி உருட்டி, மேனேஜர் மட்டைக் குழல்களுக்குள் அடிவரைக்கும் இறக்கினேன். துரை கைபட்ட அதே பழைய தோல்வாரை அதே சுற்றில் திரும்பச் சுற்றினேன். மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் அறைக்குள் வந்தார். சுவரில் சாத்தியிருந்த மட்டைகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது, முகத்தில் தெரிந்தது. கடைசியில் சொன்னார்: "வரிசை அப்படியே இருக்குல்ல? அப்பச் சரி பாய். மத்ததை நான் பாக்கல."

மெட்ராஸ் சாப்பாடு

மேனேஜர் திரும்பி வந்த அன்று சாயங்காலமே மைதானத்துக்கு வந்துவிட்டார். மட்டையை எடுத்தார். ஒரு தரம் ஆட்டினார். நின்றார். கீழே பார்த்தார், மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தனுஷ்கோடிக்குக் கப்பலில் வரும்போது அலையடித்த சமயத்தில்கூட நான் அவ்வளவு துஆ ஓதியதில்லை. பிறகு பந்தை அடித்தார். அது கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே போய் விழுந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் அப்படியே. ஸ்டோர் கீப்பர் கை தட்டினார். மற்றவர்கள் தங்கள் மட்டையைப் பற்றிக் கேட்பார்களோ என்று பயந்தேன். ஸ்டோர் கீப்பருக்கு மேனேஜர் முன்னால் எதுவும் பேசிப் பழக்கமில்லை. அக்கவுண்டண்ட் தன் மட்டைகளைப் பிள்ளைக்காகத் துணியில் சுற்றி மட்டை அறையிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார், வெளியே எடுக்கவே இல்லை. அந்தோணி மட்டும் மட்டையைத் தூக்கி, சேவல் கழுத்தைத் திருகிப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மேனேஜர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வந்துவிட்டது, சுபைதாவிடம் மூட்டையைக் கட்டச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "காதர், அம்மா கையால நாலு நாள் சாப்பிட்டேன். நான் கொஞ்சம் உசந்துட்டேன்னு நினைக்கிறேன்."

போட்டி

போட்டியன்று பந்தல் போட்டு, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டி, பெரிய அமர்க்களம். ஆளுக்கு ஆள் ஆட்டம். அக்கவுண்டண்ட் மட்டைகளைத் துணி பிரித்து எடுத்து, கீறல் விழுந்துவிடக் கூடாது என்று பந்தைத் தடவிக் கொடுத்தார், தோற்றார். ஸ்டோர் கீப்பர் தோற்றார். அந்தோணி ஏறக்குறைய உட்கார்ந்தபடியே ஆடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தோற்றார். நம் மேனேஜர் ஜெயித்தார். சும்மா இல்லை, தூத்துக்குடி மேனேஜரை அழவைத்து ஜெயித்தார். அந்தப் பந்து ஒவ்வொன்றும் போன பாதை என்னுடையது. ஹெட் கிளார்க் என் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் தயாராக நின்றார். தண்ணீர் வண்டி எந்தப் பக்கம் திரும்பி எங்கள் வாசலுக்கு வரும் என்றுகூட நான் மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

தோற்றுப்போன தூத்துக்குடி மேனேஜர் பெருந்தன்மையானவர். டீ குடிக்கும்போது, "இவ்வளவு நேரா அடிக்கிறீங்களே, மட்டைக்கு யார்கிட்ட அளவு கொடுத்தீங்க? எனக்கும் அந்த ஆள் வேணும்" என்றார். நான் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி தள்ளித்தான் நின்றேன். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்கு வாய் தானாகவே சிரித்துவிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஹெட் கிளார்க் சட்டைப்பையிலிருந்து எடுத்த காகிதத்தைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் மேனேஜர் சொன்னது இது: "எங்க ஆளுங்க மூணு பேரும் அளவு எடுத்து மட்டை வெட்டிக்கிட்டாங்க, மூணு பேரும் தோத்தாங்க. நான் அளவே எடுக்கல, துரை மட்டையில ஒரு அங்குலம்கூட வெட்ட விடல. இந்த அளவு எடுக்கிற வேலையே சுத்த வேஸ்ட் சார், நாளையிலேர்ந்து நிறுத்திடலாம்னு இருக்கேன்."

ஏழு துண்டு

வெட்டி எடுத்த ஏழு இரும்புத் துண்டுகளும் என் பெட்டியில்தான் இருந்தன. கொண்டுபோய் அவர் மேஜைமேல் கொட்டியிருக்கலாம். கொட்டினால் என்ன ஆகும்? திருட்டுத்தனமாகத் துரை மட்டையை வெட்டினவன் என்று போக வேண்டும், கொட்டாவிட்டால் உபயோகமில்லாதவன் என்று போகலாம். இரண்டாவதில் கொஞ்சம் மரியாதை இருப்பதாகத் தோன்றியது. அந்தோணிதான் வேலிவரைக்கும் வந்து வழியனுப்பினார். அவர் மட்டையில் வெட்டின துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

குடிசைக்குப் போனபோது சுபைதா ஊற்றிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நான் சொன்ன முழுக்கதையையும் நின்றபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துவிட்டு, குடத்தில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தது, அதிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் மோந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "அம்புட்டுச் சரியா அளந்தீகளே, ஒரு அரை அங்குலம் தப்பா அளந்திருக்கக் கூடாதா?"

இப்போது ராமநாதபுரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஜோடியையும் முதல் பத்து நாளைக்குக் கொஞ்சம் கடிக்கிற மாதிரி பார்த்துத்தான் கொடுக்கிறேன், அப்போதுதான் அளவு எடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.